ஐந்தாவது ஏன்

பகலில், சால்மன் ஆலையில்,
நான் மீனை எண்ணுவதில்லை, விநாடிகளை எண்ணுகிறேன்.
ஒரு மீனின் முள் நீங்க இருபத்து மூன்று.
பனிக்கட்டித் தொட்டிக்கும் மேசைக்கும் நடுவே
ஒருத்தி வைக்கும் எட்டு அடிகளை
ஆறாக்கிய அன்று எனக்குக் கேக் வெட்டினார்கள்.
அவள் கேக் தின்ன வரவில்லை.

மாலையில் அன்குட் தீயணைப்பு நிலையம்.
இங்கே சம்பளம் கிடையாது, சந்தா உண்டு.
மாதம் பிறந்தால் கைக்காசு கொடுத்துத்தான்
ஊரார் வீட்டு நெருப்பை அணைக்கிறோம்.
சந்தா நோட்டு என் பொறுப்பு.

சங்கு ஊதியதிலிருந்து
வண்டிச் சக்கரம் வாசல் தாண்டும்வரை
ஏழு நிமிடம் நாற்பது விநாடி.
மரவீடுகள் தோளுரசி நிற்கும் தீவில்,
காற்று கடலிலிருந்து கேட்காமல் நுழையும் ஊரில்,
அது நீளமான நேரம்.
மஞ்சள் ஒட்டுத்தாள்களோடு போனேன்.
"மீன் அறுக்கும் கத்தியை எங்களிடமா கொண்டுவந்தாய்?"
கேப்டன் யோலாந்தா பார்ரியா கேட்டாள்,
கேட்டுக்கொண்டே ஒரு சுவரைக் காலி செய்து கொடுத்தாள்.

கதவு. சாவி. பூட்ஸ். குழாய். ஓட்டுவது யார்.
ஒட்டி முடித்ததும் சுவரே காட்டிக்கொடுத்தது:
மேலங்கிகள் பதவி வரிசையில் தொங்குகின்றன;
எதிர்வீட்டிலிருந்து முதல் ஆளாக ஓடிவரும் எலிசேயோவுடையது
கடைசிக் கொக்கியில், ஏணிக்குப் பின்னால்.
மாற்றினோம். இருபது விநாடி மிச்சம்.
சாவி இழுப்பறையிலிருந்து ஆணிக்கு வந்தது. பதினைந்து.
முதல் கொக்கியில் ஒரு தலைக்கவசம்,
அணிய ஆளில்லாதது.
அதன்மேல் யாரும் தாள் ஒட்டவில்லை.
நானும்.

மார்ச்சில், மீன் புகையிடும் கொட்டகை எரிந்த இரவு,
ஒன்பது நிமிடம்.
மறுநாள் எல்லோரையும் அடுப்பைச் சுற்றி உட்காரவைத்தேன்.
நெருப்பு என்றால் வாய் வெந்துவிடாது,
தாமதம் என்று எழுதினால் தாளும் வேகாது என்றேன்.
ஆலையில் கற்ற வித்தை:
ஐந்து முறை ஏன்.

வண்டி ஏன் தாமதம்?
ஓட்டுநர் இல்லை.
ஓட்டுநர் ஏன் இல்லை?
வந்துகொண்டிருந்தேன், என்றார் பால்தோமெரோ மான்சில்யா,
நடந்து.
ஏன் நடந்து?
வேன் இல்லை.
ஏன் இல்லை?
விற்றுவிட்டேன்.

அடுப்புக்குள் ஈரக்கட்டை ஒன்று வெடித்தது.

ஐந்தாவது ஏன் என் நாக்கில் வந்து நின்றது.
ஆலையாக இருந்தால் கேட்டிருப்பேன்.
அங்கே பதில் சொல்பவருக்குக் கூலி உண்டு,
கேள்வியும் அந்தக் கூலிக்குள் அடக்கம்.
இங்கே என் மடியில் சந்தா நோட்டு திறந்து கிடந்தது.
மான்சில்யா: ஜனவரி, கட்டியாயிற்று.
பிப்ரவரி, கட்டியாயிற்று.
மார்ச், முதல் தேதியிலேயே.
பேனாவை மூடினேன்.

"அவர் வீட்டு வழியாகத்தானே வருகிறேன்," என்றாள் யோலாந்தா.
"ஹாரன் அடிக்கிறேன், ஏறிக்கொள்ளட்டும்."
அவள் வீடு வேறு மேட்டில்.
அதை ஒருவரும் சொல்லவில்லை.

புதிய தாள் ஒட்டினேன்: சுற்றுவழி, இரண்டு நிமிடம்.
கட்டம் ஒன்று கூடினால் நேரமும் கூடும் என்பது
ஆலையின் கணக்கு.
மே மாத மழையில் சங்கு ஊதியபோது
ஐந்து நிமிடம் பத்து விநாடியில் கிளம்பிவிட்டோம்.

ஆனாலும் பாதி வீடு போயிற்று.
மிஞ்சியது ஒரு தையல் இயந்திரம்,
இரண்டு மூட்டை உருளைக்கிழங்கு,
ஊதா நிறமும் கறுப்புமாய், மேல்தோல் மட்டும் வெந்து.
வீட்டுக்காரி அதிலிருந்து எங்களுக்கு
ஆளுக்கொன்று கொடுத்தாள்.
வேண்டாம் என்று சொல்லும் முறை எங்களுக்குத் தெரியவில்லை.

விடியலில் அங்கியைக் கழற்றும்போதுதான் பார்த்தேன்,
பைக்குள் கடிகாரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.
நான்கு மணி பதினேழு நிமிடம்.
எந்தக் கட்டத்தில் எழுதுவதென்று தெரியாமல்
சந்தா நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்தேன்.

வெளியே யோலாந்தா காரின் கதவைத் திறந்து வைத்திருந்தாள்.
"மழை விட்டுவிட்டதே," என்றார் மான்சில்யா,
"நடந்தே போகிறேன்."